கானாடுகாத்தான்ல ரெண்டு ராத்திரி: வீடு பொழைச்சிருச்சு, ஊரும் பொழைக்கணும்

பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம் நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கிற பையன், எங்க அம்மா, நாலு பேரும் கானாடுகாத்தான் போய் ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்தோம். பழைய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டை ரிப்பேர் பண்ணி ஹோட்டலா நடத்துறாங்கல்ல, அந்த மாதிரி ஒரு இடம். பேர் வேணும்னே போடல. ரொம்ப நல்லதும் இருக்கு, மனசுக்கு கஷ்டமான விஷயமும் இருக்கு, கஷ்டமானதை கிளம்புற அன்னிக்கு மேனேஜர்கிட்டயே உக்காந்து சொல்லிட்டேன், அவரும் பொறுமையா கேட்டுக்கிட்டாரு. இந்த ரிவ்யூ அந்த ஒரு ஹோட்டலுக்காக மட்டும் எழுதல, செட்டிநாடு பக்கம் இப்படி தங்கப்போற எல்லாருக்கும் உதவும்னுதான் நீளமா எழுதுறேன்.

முதல்ல எனக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறைன்னு சொல்லிடுறேன். எங்க அப்பா ஊர் அறந்தாங்கி பக்கம். நான் சின்னப்பிள்ளையா லீவுக்கு போறப்ப தெரு முழுக்க சத்தமா இருக்கும், இப்ப போனா பாதி வீடு பூட்டு, மீதி வீட்டுல ஒரு வயசானவங்க, ஒரு டிவி, அவ்வளவுதான். பையன்க எல்லாம் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். ஊர்ல வேலை இல்லைனா யார்தான் இருப்பா. அதனால ஒரு பழைய வீட்டைக் காட்டி, அதைப் பாக்க வர்றவங்களை வச்சு ஒரு கிராமமே பொழைக்க முடியுமான்னு நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ரெண்டு நாளும் நான் பாத்த ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டது ஒரே கேள்விதான், "நீங்க எந்த ஊருங்க?"

போற வழி ஈஸிதான். எழும்பூர்ல பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினா ராத்திரி காரைக்குடி, அங்கிருந்து கார்ல சுமார் 15 கிலோமீட்டர். வந்த டிரைவர் தம்பி பக்கத்து ஊர்க்காரரு, அது முதல் சந்தோஷம்.

ராத்திரி போனதால வீட்டோட அளவு அப்ப புரியல. காலைல எந்திரிச்சு முகப்புல வந்து நின்னுட்டு உள்ள பாத்தேன் பாருங்க, ஒரு வாசல், அதுக்குள்ள ஒரு வாசல், அதுக்குள்ள ஒண்ணு, கடைசில பின்னாடித் தெரு வெளிச்சம் ஒரு தீப்பெட்டி அளவுக்கு தெரியுது, அதாவது முன்வாசல் ஒரு தெருவுல பின்வாசல் அடுத்த தெருவுல. நேரா ஒரே கோட்ல எல்லா நிலையும் வச்சிருக்காங்க. முகப்பு தாண்டினா ஆம்பளைங்க உக்காந்து வரவு செலவு பாத்த திண்ணை, அப்புறம் வளவு, அதாவது நடுவுல வானம் பாத்த முற்றம், சுத்தி தூணு, தூணுக்கு பின்னாடி வரிசையா அறைங்க. அந்த ஒவ்வொரு அறைக்கும் பேரே "வீடு"தானாம். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒரு வீடு, கல்யாணம் ஆனாத்தான் ஊர்க் கணக்குல அவரு ஒரு புள்ளி. அப்புறம் ரெண்டாங்கட்டு, அங்கதான் பந்தி, அதுக்கும் பின்னாடி அடுப்படி, கிணறு, அம்மி, ஆட்டுக்கல்லு. எங்க அம்மா அந்த ஆட்டுக்கல்லு பக்கத்துல போய் உக்காந்துட்டாங்க, எந்திரிக்கவே இல்ல ரொம்ப நேரம்.

மரம் பூரா பர்மா தேக்கு. கீழ பளிங்கு இத்தாலியில இருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியம், சுவத்துல பாதி உசரத்துக்கு ஒட்டியிருக்கற பூப்போட்ட ஓடு ஜப்பான், இரும்புத்தூணு இங்கிலாந்து. ஆனா அந்த வீட்ல நான் அதிக நேரம் தடவிப் பாத்தது சுவத்தைத்தான். சுண்ணாம்பை நாள் கணக்கா அரைச்சு, கடைசிப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு சேத்து, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு பாலிஷ் பண்ணது. கையை வச்சா குளிர்ந்த வாழைத்தண்டை தொட்ட மாதிரி இருக்கு. வெள்ளை அடிக்காமலே இத்தனை வருஷம் அந்தப் பளபளப்பு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளிய வெயில் அடிக்குது, வளவு ஓரத்துல பாய் போட்டுப் படுத்தா ஃபேன் கூட வேண்டாம். ஏசி ரூம்ல இருக்கு, நாங்க ராத்திரி மட்டும் கொஞ்ச நேரம் போட்டோம்.

இன்னொண்ணு, இது யாரும் காட்ட மாட்டாங்க, நீங்களா மேல பாருங்க. நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் வளவைப் பாத்து சரிஞ்சிருக்கும். மழை பெஞ்சா மொத்தத் தண்ணியும் உள்ள இறங்கும், அதைக் கெடாரம்ங்கற பெரிய அண்டாவுல பிடிச்சு வச்சுக்குவாங்க, மிச்சம் வாய்க்கால் வழியா வெளிய போய் ஊரணியில சேரும். ஆறு இல்லாத வறண்ட பூமியில இத்தனை ஊரையும் ஊரணியை நம்பி, நூல் பிடிச்ச மாதிரி நேர் தெருவா போட்டு கட்டியிருக்காங்க. வீட்டை மட்டும் பாத்துட்டு ஊரணியைப் பாக்காம வந்தா பாதிதான் பாத்த மாதிரி.

ரூம் பத்தி சீக்கிரமா சொல்லிடுறேன். ஒரு ராத்திரிக்கு ஒரு ரூம் 8,500, காலை டிபன் சேத்து. சுத்தம். கட்டில் உசரம், அம்மாவுக்கு ஒரு சின்ன முக்காலி கேட்டேன், கொண்டாந்து போட்டாங்க. சுடுதண்ணி வர பத்து நிமிஷம் ஆகுது. ஃபோன் சிக்னல் வளவுல நின்னாதான் கிடைக்கும். வயசானவங்க இருந்தா கீழ் ரூம் கேளுங்க, மாடிப்படி செங்குத்தா இருக்கு, கைப்பிடி ஒரு பக்கம்தான்.

இப்ப சாப்பாடு. இதுக்கு மட்டும் தனியா பத்து ஸ்டார் குடுப்பேன். சமைக்கிற அக்கா அதே ஊர். அவங்க ஆத்தா ஒரு நகரத்தார் ஆச்சி வீட்ல நாப்பது வருஷம் சமையல் பண்ணவங்களாம், "நான் அடுப்படியிலதான் பிறந்தேன்னு வச்சுக்கங்களேன்"னு சிரிக்கிறாங்க. முதல் நாள் காலைல வெள்ளைப் பணியாரம், வரமிளகா துவையல், கூடவே கவுனி அரிசி. வெள்ளைப் பணியாரம் பச்சரிசியும் கொஞ்சம் உளுந்தும் அரைச்சு எண்ணெயில ஊத்துறதுதான், ஆனா ஓரம் முறுகி நடுவுல பஞ்சா வரணும், வெள்ளை மாறவே கூடாது. எங்க அம்மா அடுப்படியிலயே போய் நின்னு பாத்தாங்க, ஒரு கரண்டி மாவை நடுவுல விட்டுட்டு அது தானா எழும்பி வர்ற வரைக்கும் அந்த அக்கா கரண்டிய கிட்டயே கொண்டு போகல. கவுனி அரிசி கறுப்பரிசி, பர்மாவுக்கு கொண்டுவிக்கப் போனவங்களோட சேந்து இந்த ஊருக்கு வந்த பழக்கம், ராத்திரியே ஊற வச்சு அவிச்சு சீனியும் தேங்காப்பூவும் போட்டுக் குடுத்தாங்க. பையன் மூணு தடவை வாங்கினான்.

மத்தியானம் இலைபோட்டு. வெண்டைக்காய் மண்டி, அரிசி கழுவின தண்ணியில புளி கரைச்சு வைக்கிறது, எங்க வீட்லயும் பாட்டி வச்சதுதான், பாட்டி போனப்புறம் நான் அந்த வாசனையை அன்னிக்குத்தான் திரும்ப மோந்தேன். உப்புக்கறி, கோழிக் குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, ரசம். காரம் காரம்னு ஊர்ல எல்லா ஹோட்டல்லயும் செட்டிநாடுன்னு போர்டு மாட்டி நாக்கை எரிச்சு விடுறாங்களே, அது எதுவும் இங்க இல்ல. கல்பாசி, மராட்டி மொக்கு, சோம்பு எல்லாம் அளவா வாசனைக்கு மட்டும் நிக்குது. மசாலாவை அன்னன்னிக்கு அரைக்கிறாங்க. அம்மியிலயான்னு கேட்டேன், "நாலு பேருன்னா அம்மி, நாப்பது பேருன்னா மிக்ஸிதான் தாயி"ன்னு நேரா சொல்லிட்டாங்க, அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது.

காய்கறி எங்க வாங்குறீங்கன்னு கேட்டேன். கீரை, முருங்கை, கத்திரிக்காய் ஊர்லயே, கோழி பக்கத்துல, மீனும் மத்ததும் காரைக்குடி. அடுப்படியில நாலு பொம்பளைங்க வேலை பாக்குறாங்க, நாலு பேரும் உள்ளூர். முந்தி கல் உடைக்கப் போய்ட்டிருந்தேன்னு ஒருத்தங்க சொன்னாங்க. அவங்களோட பொண்ணு இப்ப காலேஜ் போகுது. இதைக் கேட்டப்பதான் 8,500 குடுத்தது எனக்கு உறுத்தாம போச்சு.

ரெண்டாவது நாள் காலைல ஆத்தங்குடி. செட்டிநாடு போய்ட்டு வேற எதையும் பாக்கலைனாலும் பரவால்ல, டைல்ஸ் பட்டறை ஒண்ணு பாத்தே ஆகணும். நாங்க போனது ஒரு சின்னப் பட்டறை, ஓட்டுக்கூரை, ஆறேழு பேரு. முதல்ல ஒரு கண்ணாடித் துண்டை நல்லா துடைச்சு கீழ வைக்கிறாங்க, அதுமேல இரும்புச் சட்டம், சட்டத்துக்குள்ள பூ டிசைன்ல ஒரு தகட்டு அச்சு. சிமெண்ட்ல சாயத்தூளைக் கரைச்சு மோர் மாதிரி வச்சிருக்காங்க, அதைச் சின்னக் கரண்டியால அச்சோட ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்துறாங்க, பச்சை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, செங்காவி ஒண்ணு. ஊத்திட்டு அச்சை மெதுவா மேல தூக்குறாரு பாருங்க, அந்த ஒரு நொடி எங்க நாலு பேருக்கும் மூச்சு நின்னுச்சு, கலர் ஒண்ணோட ஒண்ணு சேரும் ஆனா கலக்காது. உடனே மேல உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை இழுக்க விட்டு, அதுமேல கலவையைப் போட்டு மட்டம் தட்டி, சட்டத்தை எடுத்துடுறாங்க. அவ்வளவுதான், சூளை கிடையாது, சுடுறது கிடையாது. ஒரு நாள் காய வச்சு, அப்புறம் தண்ணித் தொட்டியில பல நாள் ஊற வச்சு, திரும்பி வெயில்ல காய வச்சா கண்ணாடி தன்னால கழண்டு வந்துடும். அந்தக் கண்ணாடியோட வழவழப்புதான் டைல்ஸோட வழவழப்பு. மேல வேற எந்தப் பாலிஷும் இல்ல.

அங்க இருந்த பெரியவர் அச்சு இல்லாமலே கையால கலரை ஊத்தி ஒரு குச்சியால இழுத்து பூ போட்டுக் காட்டினாரு. பையனுக்கும் ஒரு சட்டத்தைக் குடுத்து போடச் சொன்னாரு. அவன் ஊத்தினது ஓரத்துல கொஞ்சம் வழிஞ்சு போச்சு, அதுக்கு அவரு, "தரை போட்டப்புறம் வழிஞ்சதுதான்யா அழகா தெரியும், எல்லாம் ஒண்ணு போல இருந்தா மெஷின் போட்டதும்பாங்க"ன்னாரு. இந்த ஊர் மணல்ல போட்டாத்தான் இந்த நிறம் வரும்னு அவங்க நம்புறாங்க. தரையில பதிச்சப்புறம் பராமரிப்பு ரொம்ப லேசு, துணியில ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுத் துடைச்சுக்கிட்டே இருந்தா, நடக்க நடக்க பளபளப்பு ஏறுமாம். நடக்காத வீட்ல மங்கிப் போகும்னாரு.

கஷ்டம் என்னன்னும் கேட்டேன். குனிஞ்சே வேலை, இடுப்பு போயிடுது, பிள்ளைங்க வரமாட்டேங்குது, வெட்ரிஃபைட் டைல்ஸ் விலை கம்மியா சீக்கிரமா கிடைக்குது. ஆனா கொஞ்ச வருஷமா திரும்ப ஆர்டர் வருதாம், ஹோட்டல்காரங்க, ஆர்க்கிடெக்ட்ஸ், இங்க வந்து தங்கிப் பாத்துட்டுப் போய் சொந்த வீட்டுக்கு போடுறவங்க. டூரிஸம் ஒரு ஊருக்கு என்ன பண்ணும்னு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன், நுழைவுச்சீட்டு காசை விட இந்த ஆர்டர்தான் பெருசு. நாங்களும் எங்க பால்கனிக்கு அறுபது டைல்ஸ் சொல்லிட்டு வந்தோம்.

இப்ப மனசு கஷ்டப்பட்ட விஷயம்.

ஹோட்டல் முகப்புல ஒரு கடை வச்சிருக்காங்க. அழகா லைட் போட்டு அடுக்கியிருக்கு. போய்ப் பாத்தா வடநாட்டு பிரிண்ட் துணி, எங்கயோ மொத்தமா வாங்கின பித்தளை சாமான், மெஷின்ல போட்ட சணல் பை. "செட்டிநாடு காட்டன்"னு சீட்டு ஒட்டின சேலையை விரிச்சுப் பாத்தேன், பவர்லூம். விலை 3,200. இந்தப் பக்கத்துக் கைத்தறிச் சேலையான காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரியதுங்கற முத்திரை, கிடைச்சிருக்கு. அந்த நெசவாளிங்க கூப்பிடு தூரத்துல இருக்காங்க. கூடை எங்கன்னு கேட்டா பிளாஸ்டிக் வயர்ல பின்னினதைக் காட்டுறாங்க, கல்யாணம் காட்சிக்கு ஆச்சிமாரே உக்காந்து பனையோலையில பின்னின செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. அந்தக் கலை கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, விசாலாட்சி ராமசாமி அம்மா அவங்க ஃபவுண்டேஷன் வழியா இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பொம்பளைங்களுக்கு சொல்லிக்குடுத்து சம்பளத்தோட திரும்ப எழுப்பியிருக்காங்க. ஒரு தனி மனுஷி இவ்வளவு பாடுபட்டு எழுப்பினதை, அதே மண்ணுல பிஸினஸ் பண்றவங்க ஒரு அலமாரியில வைக்கலைன்னா எனக்குத் தாங்கல.

ரெண்டாவது, சாயங்காலம் "ஹெரிடேஜ் வாக்"னு ஒண்ணு, ஆளுக்கு 600. கூட்டிட்டுப் போனவரு வெளியூர், மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சாரு, செட்டிநாடு அரண்மனை வாசல்ல நின்னு ஃபோட்டோ, ரெண்டு தெரு, முடிஞ்சுது. நான் ஒரு பூட்டின வீட்டைக் காட்டி இது யார் வீடுன்னு கேட்டேன், தெரியலைன்னுட்டாரு. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவருக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்.

மறுநாள் அதே வீட்டுத் திண்ணையில ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு. வீட்டைப் பாத்துக்கிறவரு. "உள்ள பாக்கலாமாங்கய்யா"ன்னு கேட்டேன். "வா தாயி, செருப்பக் கழட்டிட்டு வா"ன்னு சாவிக்கொத்தை எடுத்தாரு. அந்தச் சாவியே என் முழங்கை நீளம். உள்ள போனா இருட்டு, வௌவால் வாடை, வளவுல புல்லு முளைச்சிருக்கு, மேல ஒரு ஓரத்துல ஓடு சரிஞ்சு மழைத்தண்ணி இறங்கி, நான் முதல் நாள் தடவித் தடவிப் பாத்த அதே வெள்ளைக்கரு சுவரு இங்க பொரிஞ்சு கையில உதிருது. ஆனா ஒரே ஒரு அறை மட்டும் கூட்டிப் பெருக்கி கோலம் போட்டு சுத்தமா இருக்கு. அது சாமி வீடு. வருஷத்துக்கு ஒரு தடவை படைப்புக்கு எல்லாரும் வருவாங்களாம், செத்துப்போன முன்னோரைக் கும்பிட்டு இலைபோட்டு, ஒரு நாள் முழுக்க வீடு நிறைஞ்சு இருக்கும், மறுநாள் திரும்ப பூட்டு.

ஏன் ரிப்பேர் பண்ணலைன்னு கேட்டா, பங்கு. கட்டினவருக்கு நாலு மகன், அவங்களுக்கு மகன்க, அப்படியே போய் இப்ப நாப்பது அம்பது புள்ளிக்குச் சொந்தம். சென்னை, மலேசியா, அமெரிக்கான்னு இருக்காங்க. ஓடு மாத்தணும்னாலும் எல்லாரும் ஒத்துக்கணும், விக்கணும்னாலும் எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஒத்துக்கலைனா மழை முடிவு பண்ணிடும். ஒத்துக்கிட்டா சில வீடு ஹோட்டல் ஆகுது, சில வீடு தூண் தூணா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகுது. அந்தத் தெரு பழைய பொருள் கடைத்தெரு, நாங்களும் போனோம், எனாமல் தட்டு, கல்சட்டி, மரப்பாச்சி எல்லாம் பாக்க ஆசையாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு கடையில முழு நிலைக்கதவு, கஜலட்சுமி செதுக்கினது, சுவத்துல சாஞ்சு நிக்குது, அதோட ஒரு மூலையில மஞ்சள் பொட்டு இன்னும் அழியாம இருக்கு. அம்மா "வா போலாம்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. ஒண்ணும் வாங்கல.

இந்த வீடுகளைக் கட்டின காசு எங்க இருந்து வந்துச்சு, ஏன் நின்னுச்சுங்கறதையும் அந்தப் பெரியவர்தான் அவருக்குத் தெரிஞ்ச மட்டும் சொன்னாரு, வீட்டுக்கு வந்து நான் கொஞ்சம் படிச்சுப் பாத்தேன். பர்மாவுல நெல் விவசாயிகளுக்குக் கடன் குடுத்ததுதான் பெரிய தொழில். 1930ல நெல் விலை விழுந்து யாராலயும் கடனைக் கட்ட முடியல, கடனுக்கு ஈடா நிலம் கைக்கு வந்துருச்சு. கீழ் பர்மாவுல முக்கியமான 13 நெல் மாவட்டத்துல 1930ல 6 சதவீதம் நிலம் செட்டியார்கள்கிட்ட இருந்தது, 1938ல 25 சதவீதம். சொத்து பெருசாச்சு ஆனா அது மண்ணு, தூக்கிட்டு வர முடியாது, அந்த ஊர்க்காரங்க கோவமும் கூடவே பெருசாச்சு. 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்தான், எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தாங்க, 1948ல சுதந்திரத்துக்கு அப்புறம் நிலத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதோட இந்தப் பக்கம் பெரிய வீடு கட்டுறதும் நின்னு போச்சு. இந்தக் கதையை அந்த 600 ரூபா நடையில ஒருத்தர் சொல்லியிருந்தா அந்த பளிங்கையும் தேக்கையும் நாங்க வேற கண்ணோட பாத்திருப்போம். பெருமை மட்டும் சொல்லக்கூடாது, பர்மா விவசாயி நிலம் இழந்ததும் இந்த வீட்டுக் கதையிலதான் இருக்கு.

பெரியவருக்கு 200 குடுத்தேன், வேணாம்னு சொல்லி அப்புறம் வாங்கிக்கிட்டாரு. ஒரு மணி நேரம் அவர் சொன்னதுக்கு ஈடே கிடையாது.

இதைத்தான் மேனேஜர்கிட்ட சொன்னேன். இந்த ஊர்லயே பத்தாவது, பன்னிரண்டாவது படிச்ச பிள்ளைங்க இருக்கும், அதுங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து நடைக்கு அனுப்புங்க, அந்தப் பெரியவரையும் சேத்துக்கங்க, 600ல பாதி அவங்க கைக்குப் போகட்டும். கடையில பவர்லூமை எடுத்துட்டு கண்டாங்கி வைங்க, நெய்தவங்க எந்த ஊருன்னு சீட்டுல எழுதுங்க. வர்றவங்களை ஒரு மணி நேரம் தறி வீட்டுக்கு அனுப்புங்க. நாங்க நாங்களாவே விசாரிச்சுட்டுப் போனோம் ஒரு தறி வீட்டுக்கு, அம்மாவுக்கு அரக்கும் மஞ்சளும் கலந்த கட்டம் போட்ட சேலை ஒண்ணு, எனக்கு கறுப்புல ஒண்ணு எடுத்தோம். அந்த அண்ணன் தறியில நாடா ஓட்டிக்கிட்டே பேசினாரு, அவர் வீட்டுக்காரங்க ஓரத்துல உக்காந்து தார்க்குச்சியில நூல் சுத்திக்கிட்டே பேசினாங்க, ஹோட்டல்ல இருந்து இதுவரைக்கும் யாரையும் இங்க அனுப்பினதில்லைன்னு சொன்னப்ப எனக்குத்தான் சங்கடமா இருந்துச்சு. கடையில கேட்ட விலையை விட கம்மிக்கு கைத்தறி கிடைச்சுது, காசும் நேரா நெய்தவர் கைக்குப் போச்சு.

மேனேஜர் எழுதி வச்சுக்கிட்டாரு. ஒரு விஷயம் அவர் பக்கத்துலயும் நியாயம் இருக்கு, சீசன் கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும்தான், கோடையில ரூம் காலி, ஆனா ஓட்டைப் பாக்கணும், கறையானைப் பாக்கணும், சுண்ணாம்புப் பூச்சு தெரிஞ்ச ஆள் தேடிப்பிடிக்கணும். பழைய வீட்டைப் பராமரிக்கிறது யானை வளர்க்கற மாதிரி. அதை நான் குறை சொல்லல. 2014ல இந்தச் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல சேத்தாங்க, பட்டியல்ல பேர் இருக்கறது நல்லதுதான், ஆனா சரிஞ்ச ஓட்டை மாத்துறதுக்கு கொத்தனாருக்கு தினக்கூலி குடுக்கறது இங்க தங்க வர்றவங்க காசுதான். அதனால தாராளமா போங்க. போறவங்க எதைக் கேட்டு வாங்குறாங்களோ அதைத்தான் ஹோட்டல்காரங்களும் வைப்பாங்க.

போறவங்களுக்கு சில விஷயம். மூணு ராத்திரி இருந்தா நல்லது, ரெண்டு பத்தல. காரைக்குடியில ஆயிரம் ஜன்னல் வீடு வெளிய இருந்து ஒரு பார்வை போதும். பிள்ளையார்பட்டி விடியக்காலைல போயிடுங்க, கூட்டம் இல்லாம கும்பிடலாம். ஆத்தங்குடி பட்டறைக்கு ஞாயித்துக்கிழமை போகாதீங்க, வேலை நடக்குதான்னு விசாரிச்சுட்டுப் போங்க. பூட்டின வீட்டைப் பாத்துக்கிறவங்ககிட்ட மரியாதையா கேட்டா உள்ள விடுவாங்க, கேக்காம ஃபோட்டோ எடுக்காதீங்க, சாமி வீட்டுப் பக்கம் கேமராவே வேண்டாம். சில்லறை வச்சுக்கங்க. பலகாரம் கடையில வாங்கறதுக்கு பதிலா சமையல் அக்காகிட்ட முதல் நாளே சொன்னா மனகோலமும் சீப்புச் சீடையும் வீட்ல பண்ணித் தர ஆள் இருக்காங்க, நாங்க ரெண்டு கிலோ வாங்கினோம், சென்னை வந்து மூணு நாள்ல காலி.

வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் அஞ்சுக்கு அஞ்சு. நடைக்கு ஒண்ணு. கடைக்கு ஒண்ணும் இல்ல. மொத்தமா மூணரை போடுறேன், அடுத்த தடவை அலமாரியில கண்டாங்கியும் கொட்டானும் இருந்தா நானே வந்து மாத்திடுறேன். டைல்ஸ் போன வாரம் வந்துச்சு, வைக்கோல் சுத்தி, ஒண்ணு கூட உடையல, பையன் போட்டதையும் சேத்து அனுப்பியிருக்காரு அந்தப் பட்டறைப் பெரியவரு, வழிஞ்ச ஓரத்தோட. கிளம்புறப்ப அடுப்படி அக்கா "ஆடியில வாங்க, கும்மாயம் போட்டுத் தர்றேன்"னு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க. அம்மா இப்பவே காலண்டர்ல குறிச்சு வச்சுட்டாங்க.